இருப்புச் சரிபார்ப்பு

நூலகம் என்றுதான் ஆணையில் இருக்கிறது.
அதுவும் அரைவரி:
கணக்கு ஆசிரியர் கூடுதலாக இதையும் கவனிப்பார்.

இருப்பது இரண்டு இரும்பு பீரோ,
செல்லம்பட்டிக்கு மேற்கே ஓர் அரசுப் பள்ளியில்,
ஆய்வகத்தின் மூலையில்,
அமிலக் குப்பிகளுக்கும்
கணுக்கால் இல்லாத எலும்புக்கூட்டுக்கும் நடுவே.
சாவி, என் ஸ்கூட்டர் சாவியோடு
ஒரே வளையத்தில்.

மார்ச் வந்தால் எண்ண வேண்டும்.
பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பீரோவில் ஐநூற்றுத் தொண்ணூற்று ஏழு.
இருபத்திரண்டு வருடம் கழித்தல் சொல்லிக்கொடுத்தவன்
மூன்று முறை கழித்துப் பார்த்தேன்.
பதினைந்து. பதினைந்து. பதினைந்து.

"காணாததுக்கெல்லாம் பொறுப்பாளர்தான் சார் கட்டணும்"
என்றார் தலைமையாசிரியை,
தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி.
கோபமில்லை. வெயில் அப்படி.

தேடிக் கிளம்பினேன்.

மோட்டார் பழுது பார்க்கும் புத்தகம்
சின்னமாயன் வீட்டுக் கிணற்றடி ரூமில் இருந்தது.
நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கிரீஸ் பெருவிரல்.
"அப்பாவுக்கு வாசிக்க வராது சார்.
நான் வாசிக்க வாசிக்க அவரு கழட்டுவாரு."
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டேன்,
வெறுங்கையோடு.

தேனீ பற்றியது
ரஃபியாவிடமிருந்து அவள் அக்காவுக்கு,
அக்காவிடமிருந்து டெய்லர் கடைக்கு,
டெய்லர் கடையிலிருந்து உசிலம்பட்டி பஸ்ஸுக்கு.
அதற்குமேல் தடம் இல்லை.

பறவைப் படப் புத்தகம்
சத்துணவுக் கூடத்தில், முட்டை அட்டைகளின்மேல்.
சமைக்கிற பேச்சியம்மாள் கையைத் துடைத்துவிட்டுப்
பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.
"இந்த நீட்டு வாலு தெனமும் சோத்துக்கு வருது சார்.
பேரு வால்காக்கையாம். இப்பத்தான் தெரிஞ்சது."

ஜூலையில் ஒருநாள்
எட்டாம் வகுப்பு ஜெனிட்டா எழுந்து நின்றாள்.
"பூஜ்யத்தால ஏன் சார் வகுக்கக் கூடாது?"
கூடாது என்றால் கூடாது, உட்கார் என்றேன்.
எனக்குச் சொன்னவரும் அப்படித்தான் சொன்னார்.
உட்காரவில்லை.
"புத்தகத்துல காரணம் போட்டிருக்கே சார்."
எந்தப் புத்தகத்தில்?
"கீழ்த்தட்டு. பச்சை அட்டை."
நான் பொறுப்பாளன்.
அதைத் தூசி தட்டியிருக்கிறேன்.
திறந்ததில்லை.

அன்று கடைசி பெல்லுக்குப் பிறகு
எலும்புக்கூட்டின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அமர்ந்தேன்.
தட்டில் ஆறு லட்டு.
இரண்டிரண்டாக எடுத்தால் மூன்று தடவையில் காலி.
சைபர் சைபராக எடுத்தால்?
எடுத்தேன்.
எடுத்துக்கொண்டே இருந்தேன்.
வாட்ச்மேன் வந்து விளக்கைப் போட்டார்.
தட்டில் ஆறு லட்டு.

முதன்முறையாகப் பதிவேட்டில் என் பெயரை எழுதினேன்.
மறுநாள் கரும்பலகையில் தட்டு வரைந்தேன்.
லட்டெல்லாம் முட்டைபோல வந்தது, வகுப்பு சிரித்தது.
ஜெனிட்டா சிரிக்கவில்லை.
நான் சரியாகச் சொல்கிறேனா என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பச்சை அட்டை நேற்று கிடைத்தது,
என் வீட்டில், பழைய ஹெல்மெட்டுக்கு அடியில்.
எட்டு மாதத் தாமதம்.
அபராதம் எழுத வேண்டியவனும் நான்,
கட்ட வேண்டியவனும் நான்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
'வாசிப்பில் உள்ளது' என்று எழுதினேன்.
கரையான் தின்ற இரண்டுக்கு மட்டும்
அப்படி எழுத மனம் வரவில்லை.
தலைமையாசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இப்படி ஒரு காரணமே கிடையாதே சார்."
கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.
"அந்தத் தேனீ புத்தகம் கிடைச்சா
எனக்கு ஒரு வாரம் குடுங்க."

பீரோவைச் சாத்தினேன்.
எப்போதும்போல இடது கதவு இடித்தது,
முழங்காலால் தள்ளிப் பூட்டினேன்.
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு பை, இரண்டு கண்.
"பூட்டிட்டீங்களா சார்?
அஞ்சு பத்து பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

வளையத்தில் துழாவினேன்.
முதலில் ஸ்கூட்டர் சாவிதான் வந்தது.